கூலி மாறினால் சேவையும் மாறும்: கிராம சுகாதாரப் பணியாளர்களின் சம்பளக் கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுகாதாரம் என்று பேச்செடுத்தாலே நாம் டாக்டரைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும்தான் பேசுகிறோம். டாக்டர் எட்டிப் பார்க்காத கிராமங்களில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் யார் பார்த்துக் கொள்கிறார்கள்? அவர்களுக்கு யார், எந்தக் கணக்கில் சம்பளம் கொடுக்கிறார்கள்? இன்று அந்தச் சம்பளப் புத்தகத்தைத்தான் கொஞ்சம் புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நாட்சம்பளம் வேறு, பால் எடைக்குக் கிடைக்கும் கூலி வேறு. ஆளும் அதே ஆள், மரமும் அதே மரம். ஆனால் கணக்குப் போடும் முறை மாறியதும் வேலையின் போக்கே மாறிவிடும். சுகாதாரப் பணியிலும் இதே கதைதான். அதற்குச் சீனாவும் இந்தியாவும் நல்ல சாட்சிகள்.

வெறுங்கால் டாக்டர்கள்

1965ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, சீனத் தலைவர் மாவோ தம் நாட்டு சுகாதார அமைச்சைக் கடுமையாகச் சாடினார். நகரத்தில் வாழும் சிறு பகுதியினருக்கே அமைச்சு சேவை செய்கிறது, கோடிக்கணக்கான விவசாயிகளைக் கைவிட்டுவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதன் பிறகு, ஓரளவு படித்த கிராமத்து இளைஞர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து, அவரவர் ஊரிலேயே வேலைக்கு வைத்தார்கள். ஷாங்காய்க்குப் பக்கத்தில் வெறுங்காலோடு வயலில் இறங்கி வேலை செய்துகொண்டே வைத்தியமும் பார்த்த இவர்களைப் பற்றி 1968இல் கட்சிப் பத்திரிகைகள் எழுதின. 'வெறுங்கால் டாக்டர்' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 1970களின் நடுப்பகுதியில் இவர்களின் எண்ணிக்கை 15 லட்சத்தைத் தாண்டியது.

இவர்களுக்குச் சம்பளம் எப்படிக் கொடுத்தார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கூட்டுப் பண்ணையில் நாற்று நட்டவருக்கு எப்படி 'வேலைப் புள்ளி' எழுதினார்களோ, அதே முறையில் வெறுங்கால் டாக்டருக்கும் புள்ளி எழுதினார்கள். அறுவடை முடிந்ததும் அந்தப் புள்ளிக்கு ஏற்பத் தானியமும் பணமும் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். எத்தனை நோயாளிகளைப் பார்த்தார், எத்தனை மாத்திரை கொடுத்தார் என்பது அந்தக் கணக்கில் கிடையாது. உழைத்த நாளுக்குத்தான் புள்ளி.

இதனால் என்ன நடந்தது? நோய் வராமல் தடுப்பதும் 'வேலை'யாகவே கணக்கில் வந்தது. கிணற்றைச் சுத்தம் செய்ய வைப்பது, கழிவறை கட்டச் சொல்வது, தடுப்பூசி போடுவது, நத்தையால் பரவும் நோயை ஒழிக்க ஊரைத் திரட்டுவது, எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. ஒருவர் நோயில் விழுந்தால்தான் தமக்கு வருமானம் என்ற நிலை அந்த டாக்டருக்கு இல்லை. இந்த முறையில் குறைகளும் உண்டு. பயிற்சி போதாது, விளைச்சல் குறைந்த ஊரில் புள்ளியின் மதிப்பும் குறைவு. ஆனாலும் 1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக சுகாதார மாநாடு, 'அனைவருக்கும் அடிப்படை சுகாதாரம்' என்று அறிவித்தபோது, அதற்கு ஒரு முன்மாதிரியாக இருந்தவர்கள் இந்த வெறுங்கால் டாக்டர்கள்தான்.

புள்ளி போனது, ஊசி வந்தது

1980களின் தொடக்கத்தில் சீனாவின் கூட்டுப் பண்ணைகள் கலைக்கப்பட்டன. நிலம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பண்ணை போனதும் புள்ளியும் போயிற்று! பலர் வைத்தியத்தை விட்டுவிட்டு வயலுக்கே திரும்பினார்கள். மிஞ்சியவர்கள் கிளினிக்கைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். 1985இல் 'வெறுங்கால் டாக்டர்' என்ற பெயரே கைவிடப்பட்டு, தேர்வில் தேறியவர்கள் 'கிராம டாக்டர்' ஆனார்கள்.

இப்போது அவர்களின் வருமானம் எங்கிருந்து வந்தது? மருந்து விற்பனையிலிருந்தும் ஊசி போடுவதிலிருந்தும்தான். சளி, காய்ச்சல் என்று வருபவருக்கு ஒரு ஊசியும் நாலு மாத்திரையும் கொடுத்தால் வீட்டில் அடுப்பெரியும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவுரை சொன்னால் காசு வராது. கிராமங்களில் தேவையில்லாத ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மனிதர்கள் கெட்டுப்போய்விடவில்லை, அவர்கள் வயிற்றுக்கு வழி செய்த முறைதான் மாறியது. 2009இல் சீன அரசு மருத்துவச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. அரசு கிளினிக்குகளில் அடிப்படை மருந்துகளை லாபம் வைக்காமல் விற்க வேண்டும் என்றும், தடுப்புப் பணிக்கு மக்கள்தொகைக் கணக்கில் அரசே பணம் தரும் என்றும் அறிவித்தது. புள்ளி போய் ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு!

இந்தியா: மாதம் 50 ரூபாய்

இந்தியாவிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 1977 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி பிறந்த நாளில், ஆயிரம் பேருக்கு ஒரு சமூக சுகாதாரப் பணியாளர் என்ற திட்டம் தொடங்கியது. அவருக்கு மாதம் 50 ரூபாய். அது சம்பளம் அல்ல, மதிப்பூதியம் என்றார்கள். 'தொண்டர்' என்றும் 'சுகாதார வழிகாட்டி' என்றும் பெயரை மாற்றினார்கள், நிலைமை மாறவில்லை. 50 ரூபாயில் குடும்பம் நடத்த முடியாதவர்கள் கூடுதல் பணம் கேட்டார்கள், திட்டம் மெல்ல மெல்ல நலிந்தது.

2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் தொடங்கியபோது 'ஆஷா' வந்தார். ஆஷா என்றால் இந்தியில் நம்பிக்கை. அந்தந்தக் கிராமத்துப் பெண்ணே இந்தப் பொறுப்புக்குத் தேர்வு செய்யப்பட்டார். இந்த முறை கணக்கு வேறு. மாதச் சம்பளம் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொகை. பின்தங்கிய மாநிலங்களின் கிராமங்களில் ஒரு பெண் அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் தாய்க்கு 1,400 ரூபாய், அழைத்து வந்த ஆஷாவுக்கு 600 ரூபாய். தடுப்பூசிக்கு ஒரு தொகை, காசநோயாளி மருந்தை முடித்தால் ஒரு தொகை என்று பட்டியல் நீண்டது.

பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2005-06இல் இந்தியாவில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 39தான் மருத்துவமனையில் நடந்தன. 2015-16இல் அது 79 ஆனது. தாய்க்குக் கிடைத்த பணம், ஆம்புலன்ஸ், சாலை என்று காரணங்கள் பல. வீடு வீடாக நடந்த ஆஷாவும் அவற்றில் ஒருவர்.

கணக்கில் வராத வேலை

ஆனால் பட்டியலில் இல்லாத வேலையை யார் செய்வது? நள்ளிரவில் வலி கண்ட பெண்ணை ஆஷா வண்டியில் ஏற்றிச் செல்கிறார். கடைசி நேரத்தில் குடும்பத்தார் அங்கீகாரம் இல்லாத தனியார் மருத்துவமனைக்குப் போனால், அந்த இரவுக்குக் கூலி கிடையாது. மாமியாரிடம் பேசிப் பேசி மனத்தை மாற்றியதற்கும், கணவனிடம் அடிவாங்கிய பெண்ணுக்குத் துணையாக உட்கார்ந்திருந்ததற்கும் ரசீது இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதற்கு 2011இல் 250 ரூபாய் நிர்ணயித்தார்கள். 42 நாட்களுக்குள் ஆறு முறை போக வேண்டும். எடை எழுத வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும். அதோடு 42ஆவது நாள் வரை தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை! ஐந்து முறை நடந்த பிறகு குழந்தை இறந்துபோனால்? துக்கமும் அவருக்குத்தான், நஷ்டமும் அவருக்குத்தான்.

வழக்கமான பணிகளுக்கென்று மாதம் 1,000 ரூபாய் நிலையான தொகை பின்னர் சேர்க்கப்பட்டது. 2018இல் அது 2,000 ஆனது. 2025இல் 3,500 என அறிவிக்கப்பட்டது. கோவிட் காலத்தில் வீடு வீடாகச் சென்ற இந்தப் பெண்களுக்கு 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்துக் கௌரவித்தது. ஆனால் 2025இல் கேரளத் தலைநகரில், மாநில அரசு அப்போது தந்த 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கேட்டு ஆஷாக்கள் பல மாதங்கள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கூடியது 1,000 ரூபாய்.

பிரேசில் காட்டிய வழி

வேறு வழி உண்டா? உண்டு. 1987இல் பிரேசிலின் சியாரா மாநிலம் வறட்சியில் வாடியது. நிவாரண வேலையாகப் பல ஆயிரம் பேரை, பெரும்பாலும் பெண்களை, சுகாதாரப் பணிக்கு எடுத்தார்கள். நேர்முகத் தேர்வு வைத்து, குறைந்தபட்சச் சம்பளத்தை மாதந்தோறும் கொடுத்தார்கள். தேர்வாகாதவர்களிடம், வேலைக்குப் போனவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று நீங்களே கவனியுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். தடுப்பூசி கூடியது, குழந்தை மரணம் குறைந்தது. 1991இல் இது தேசியத் திட்டமானது. 2022இல் அரசியலமைப்பையே திருத்தி, இந்தப் பணியாளர்களின் அடிப்படைச் சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையக்கூடாது என்று எழுதினார்கள்.

நிலையான சம்பளம் கொடுத்தால் வேலை நடக்காது, சோம்பேறித்தனம் வந்துவிடும் என்பவர்களுக்கு சியாரா ஒரு பதில். சம்பளமும் இருந்தது, ஊரின் கண்காணிப்பும் இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: பணிக்கு ஏற்ற ஊதியம் கொடுங்கள், ஊக்கத்தொகையை மட்டுமே, அல்லது பெரும்பங்கு அதையே நம்பி அவர்களை வைத்திருக்காதீர்கள். ஊக்கத்தொகையே கூடாது என்று அது சொல்லவில்லை. அது கறியில் போடும் உப்பாக இருக்கலாம், சோறாக இருக்கக்கூடாது.

நேயர்களே, இந்தப் பெண்களைத் 'தியாகிகள்' என்று மேடையில் புகழ்வது எளிது. தியாகி என்று சொல்லும்போதே சம்பளம் கேட்கும் உரிமையைப் பறித்துவிடுகிறோமோ என்றும் யோசிக்க வேண்டும். அடுத்த முறை ஒரு சுகாதாரத் திட்டம் வெற்றி என்று செய்தி படிக்கும்போது, எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்பதோடு, வேலை செய்தவருக்கு எப்படிக் கூலி கொடுத்தார்கள் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தத் திட்டம் எத்தனை நாள் நிற்கும் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.