காடுமேட்டு ஓட்டமும் கணித்துச் சொன்னவர்களும்



மைசூருக்குக் கிழக்கே, மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழிப் பக்கத்தில், மார்டள்ளி என்று ஓர் ஊர் இருக்கிறது. மண் கர்நாடகத்து மண். வீட்டுப் பேச்சு தமிழ். ஊராரில் பெரும்பாலோர் கிறித்தவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை, இவ்வூர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது அது மைசூர் ராஜ்யத்திற்குச் சென்றது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. இவ்வூர்க் குடும்பம் ஒன்றில், பிரிவினைக்கு முன் தமையன் கோவைக் கல்லூரியில் பயின்று அதன் ஓட்டக் குழுவில் இடம் பெற்றிருந்தால், அவன் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பிள்ளை. சில ஆண்டுகளுக்குப் பின் தம்பி மைசூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்து ஓடியிருந்தால், அவன் மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் பிள்ளை. ஒரே வீட்டுத் திண்ணையில் வளர்ந்த இருவர், பந்தய நாளில் எதிரணியினராகி விடுவர்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது அந்நியமான செய்தி அன்று. நம் மக்களும் பேரக் குழந்தைகளும் இன்று எந்தக் கல்லூரியின் நிறத்தை அணிந்து ஓடுகிறார்களோ, அந்தக் கல்லூரி பெரும்பாலும் தமிழ்நாட்டில் இல்லை. இதை மனத்திற் கொண்டு, கல்லூரி மாணவர்கள் ஓடும் ‘கிராஸ் கன்ட்ரி’ என்னும் பந்தயத்தின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம்.

முதலில் பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் நெடுநாள் தொல்லை கொடுத்தது. ‘நாடு கடந்த ஓட்டம்’ என்றால் ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களின் ஓட்டமாகிவிடும். ‘குறுக்கு ஓட்டம்’ என்றால் குறுக்கு வழியில் ஓடி ஏமாற்றுவதுபோல் ஒலிக்கும். சீரான தடத்தை விட்டு வயல், வரப்பு, காடு, மேடு, ஓடை ஆகியவற்றின் வழியே ஓடுவது என்பதே பொருள். ஆகவே ‘காடுமேட்டு ஓட்டம்’ என்று வைத்துக்கொள்வோம்.

இவ்விளையாட்டு இங்கிலாந்தின் பள்ளிகளில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷ்ரூஸ்பரி, ரக்பி முதலிய பள்ளிகளின் மாணவர்கள் முயலும் வேட்டை நாயுமாக வேடம் பூண்டு விளையாடினர். முயல்களாக முன்னே ஓடியவர்கள் காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்வர். நாய்களாகப் பின்னே வருபவர்கள் அந்தத் தடத்தை மோப்பம் பிடித்தாற்போல் தொடர்வர். 1868-இல், லண்டனில் படகு வலிக்கும் சங்கத்தார் சிலர் குளிர்காலத் தேகப் பயிற்சிக்காக இதனையே மேற்கொண்டு, ‘தேம்ஸ் ஹேர் அண்டு ஹவுண்ட்ஸ்’ என்ற கழகத்தை நிறுவினர். 1876-இல் எப்பிங் காட்டில் முதல் தேசியப் பந்தயம் நடத்தப் பெற்றது. அன்று ஓடிய 32 பேரும் வழி தவறி விட்டனர்! பந்தயம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு முறையாக நடந்த பந்தயத்தில் ஸ்டென்னிங் என்பவர் வென்று, தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதல்வராக விளங்கினார். 1880-இல் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இவ்வோட்டத்தில் முதன்முறையாக மோதின. கல்லூரிப் போட்டிக்கு அன்று இட்ட வித்து, பின்னர் அமெரிக்காவில் பெருமரமாயிற்று. அந்நாட்டுக் கல்லூரிகளின் தேசியப் பந்தயம் 1938-இல் மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங்கில் தொடங்கியது. பெண்களுக்கான பந்தயம் 1981-இல் சேர்க்கப்பட்டது.

இவ்வோட்டத்தில் வெற்றியைக் கணக்கிடும் முறை விநோதமானது. முதலாவதாக வருபவனுக்கு ஒரு புள்ளி. இருபதாவதாக வருபவனுக்கு இருபது புள்ளி. குறைந்த புள்ளி பெறும் குழுவே வெல்லும். அமெரிக்கக் கல்லூரி முறைப்படி குழுவுக்கு எழுவர் ஓடுவர். முதலில் வரும் ஐவரின் இடங்கள் கூட்டப்படும். ஒரு கல்லூரியின் வீரர்கள் 1, 2, 3, 30, 34 ஆகிய இடங்களில் வந்தால் கூட்டுத் தொகை 70. மற்றொரு கல்லூரியின் வீரர்கள் 9, 11, 13, 15, 17 ஆகிய இடங்களில் வந்தால் கூட்டுத் தொகை 65. முதல் மூன்று இடங்களையும் பிடித்த கல்லூரி தோற்றுப் போகிறது! முன்னே ஓடும் வீரனைப் பார்த்தே கூட்டம் ஆரவாரிக்கும்; ஆனால் கோப்பை எவருக்கு என்பதைப் பின்னே மூச்சுத் திணறி வரும் ஐந்தாம் ஆளே தீர்மானிக்கிறான். ஆறாம் ஆளும் ஏழாம் ஆளும்கூட வீணர் அல்லர். எதிரிக் குழுவின் ஐந்தாம் ஆளை அவர்கள் முந்தினால், அவன் இடம் பின்னே தள்ளப்பட்டு அக்குழுவின் புள்ளி ஏறிவிடும்.

இதனால்தான் பருவத் தொடக்கத்தில் ஆரூடம் சொல்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். நூறு மீட்டர் ஓட்டத்திற்கு எங்கும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தரை. காடுமேட்டு ஓட்டத்திலோ ஒவ்வோர் ஊரின் தடமும் வேறு, ஏற்றம் வேறு, மழை பெய்தால் அதே தடமே வேறாகிவிடும். ஓரிடத்தில் பதிவான நேரத்தை மற்றோரிடத்து நேரத்தோடு ஒப்பிடுவது, நஞ்சை விளைச்சலைப் புன்செய் விளைச்சலோடு ஒப்பிடுவது போன்றது. மேலும், அனுபவமுள்ள பயிற்சியாளர் தம் வீரர்களைத் தொடக்கப் பந்தயங்களில் முழு வேகத்தில் ஓட விடமாட்டார். இறுதி நாளுக்கு அவர்களது வலிமையைச் சேமித்து வைப்பார். முதல் மாதத் தோல்வியைக் கண்டு ஒரு குழுவைக் கழித்துக் கட்டியவர்கள், கடைசி மாதத்தில் வெட்கப்படுவது வழக்கம்.

சில சான்றுகள் காண்போம். 1969-ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்கா முழுவதும் இருவர் பெயரே அடிபட்டது. ஒருவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழகத்தின் கெர்ரி லிண்ட்கிரன். மற்றவர் ஆரிகன் பல்கலைக் கழகத்தில் அப்பொழுதுதான் சேர்ந்திருந்த, பதினெட்டு வயது நிரம்பிய ஸ்டீவ் பிரிபான்டேன். பசிபிக் கரைப் பல்கலைக் கழகங்களின் பந்தயத்தில் இருவருக்கும் ஒரே நேரம் பதிவாயிற்று. நடுவர்கள் லிண்ட்கிரனுக்கு முதலிடம் அளித்தனர். தேசியப் பந்தயத்திலும் இவ்விருவருக்குள்ளேயே முதலிரண்டு இடங்களும் என்று எண்ணுவது இயல்புதானே? லிண்ட்கிரன் வென்றார், ஆனால் இருவருக்கும் இடையே விமானப் படைக் கல்லூரியின் மைக் ரயன் புகுந்து இரண்டாமவரானார். அவர் முந்திய ஆண்டின் முதல்வர்! புதிய போட்டியின் ஆரவாரத்தில் பழைய வெற்றியாளரை மறப்பது எவ்வளவு எளிது பாருங்கள். தோற்ற இளைஞர் பிரிபான்டேன் 1970, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றார்.

இதனினும் வியப்பானது ஹென்றி ரோனோவின் கதை. கென்யா நாட்டு நாந்தி மலைப் பகுதியில் பிறந்து, கடல் கடந்து சென்று, அதே வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழகத்துக்காக ஓடியவர் அவர். 1976, 1977 ஆகிய இரண்டாண்டுகளிலும் கல்லூரிகளின் தேசியப் பந்தயத்தை வென்றார். 1978-இல், 81 நாட்களுக்குள் 3,000 மீட்டர், 5,000 மீட்டர், 10,000 மீட்டர், தடை தாண்டும் 3,000 மீட்டர் ஆகிய நான்கிலும் உலக சாதனை படைத்தார். அவ்வாண்டு நவம்பரில் மாடிசன் நகரில் நடந்த பந்தயத்தில் அவரைத் தவிர வேறு யார் வெல்ல முடியும்? ஆயினும் ஆரிகனின் ஆல்பர்ட்டோ சலாசார் வென்றார். ரோனோ 237-ஆம் இடத்தில் வந்தார். நான்கு உலக சாதனைகளுக்கு உரியவர் இருநூறு மாணவர்களுக்கும் பின்னால் ஓடி வந்தார் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அவர் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்து மூன்றாம் முறையாக முதலிடம் பெற்றார். 2024-இல் அவர் காலமானபோது உலகம் அந்த 81 நாட்களை நினைவு கூர்ந்தது. நாமோ அந்த 237-ஆம் இடத்தையும் சேர்த்தே நினைக்கிறோம். அதற்குப் பின் மீண்டும் கோட்டருகே வந்து நிற்பதற்குச் சாதனையைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

ஒலிம்பிக் பந்தயத்திலும் 1912, 1920, 1924 ஆகிய மூன்று முறை காடுமேட்டு ஓட்டம் இடம் பெற்றது. 1924-இல் பாரிஸ் நகரத்தில் கொளுத்திய வெயிலில் 38 பேர் புறப்பட்டனர்; 15 பேரே முடித்தனர். பின்லாந்தின் பாவோ நூர்மி முதலாவதாகவும், அவர் நாட்டவரே ஆன வில்லே ரிட்டோலா இரண்டாவதாகவும் வந்தனர். ஆனால் குழு வெற்றிக்கு மூன்றாம் ஆள் வேண்டும். லீமட்டைனன் என்பவர் தள்ளாடித் தள்ளாடிப் பன்னிரண்டாவதாக வந்து எல்லையைக் கடந்த பிறகே பின்லாந்துக் குழுவுக்குத் தங்கம் உறுதியாயிற்று. இத்தனை பேர் வெயிலில் வீழ்ந்ததைக் கண்டபின் ஒலிம்பிக்கில் இவ்வோட்டம் கைவிடப்பட்டது.

நம் நாட்டு ஒலிம்பிக் இயக்கத்திற்கும் நாட்டுப்புற ஓட்டக்காரர்களே வித்திட்டனர் என்பது பலர் அறியாத செய்தி. 1919-இல் புனேயில் டெக்கான் ஜிம்கானா நடத்திய விளையாட்டு விழாவில், உழவர் குடும்பத்து இளைஞர்கள் வெறுங்காலுடன் ஓடுவதை அதன் தலைவர் சர் தொராப்ஜி டாட்டா கண்டார். பயிற்சி என்பதையே அறியாத அவர்களது வேகம் அவரை வியக்க வைத்தது. அவருடைய முயற்சியால் 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு இந்திய வீரர்கள் சென்றனர். நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொண்ட சௌகுலே, இன்றைய கர்நாடகத்தின் பெல்காம் பகுதியினர். அதே 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கினார். 1924-இல் பாரிஸுக்குச் சென்ற இந்தியக் குழுவின் நிர்வாகியும் அவரே. புனேயின் வெறுங்கால் உழவர்களும் சென்னையின் கல்லூரி ஆசிரியரும் ஒரே இயக்கத்தின் இரு கைகளாயினர்.

பல்கலைக் கழகங்களை ஒருங்கிணைக்க 1925-இல் ஏற்பட்ட வாரியம், 1973 முதல் இந்தியப் பல்கலைக் கழகங்களின் சங்கம் என்ற பெயருடன் விளங்குகிறது. அனைத்திந்தியக் காடுமேட்டு ஓட்டத்தை இன்று நடத்துவது இச்சங்கமே. இதில் கர்நாடகத்தின் மங்களூர்ப் பல்கலைக் கழகம் முன்வரிசையில் நிற்கிறது. தமிழகத்தில் புதுக்கோட்டைச் சீமை நெடுந்தூர ஓட்டக்காரர்களின் விளைநிலமாயிற்று. 2016-இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசியப் போட்டியில் சூரியா 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார்; 2017-இல் புவனேசுவரத்தில் ஆசியப் பந்தயத்தில் லட்சுமணன் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். இருவரும் புதுக்கோட்டை வட்டாரத்தினர்.

இனி, மார்டள்ளித் திண்ணைக்குத் திரும்புவோம். தம்பி மைசூர் நிறத்தில் ஓட, எதிரே சென்னையின் குழு நின்றால், தமிழ் பேசும் தாய் எப்பக்கம் கை தட்டுவது? இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். 1954 மே 6-ஆம் தேதி, ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, நான்கு நிமிடத் தடையை உலகிலேயே முதன்முதலாகத் தகர்த்தார். அவர் ஆக்ஸ்போர்டு மாணவராக இருந்தவர். ஓடிய களமும் ஆக்ஸ்போர்டுக் களமே. ஆனால் அன்று அவர் ஓடியது ஆக்ஸ்போர்டுக்கு எதிர் அணியில்! அவருக்கு முன்னோடி வேகம் கொடுத்த இருவரில் சாட்டவே ஆக்ஸ்போர்டில் பயின்றவர். பிராஷர் பரம்பரைப் போட்டியான கேம்பிரிட்ஜில் பயின்றவர். ஆக்ஸ்போர்டு அதற்காக அவரை அந்நியராக எண்ணவில்லை. அவ்வெற்றியைத் தன் வெற்றியாகவே இன்றும் கொண்டாடுகிறது.

ஆகவே, நம் பிள்ளை பம்பாயின் நிறத்திலோ, தில்லியின் நிறத்திலோ, மைசூரின் நிறத்திலோ ஓடினால் நாம் மனம் சுருங்க வேண்டுவதில்லை. அவனுக்குச் சோறும் கல்வியும் ஈந்த மண்ணுக்காக அவன் ஓடுகிறான். ‘ஓடு தம்பி, ஓடு’ என்று ஓரத்தில் நின்று நாம் கூவும் மொழி அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அவன் முதல்வனாக வருவானா என்று ஆரூடம் பார்க்க வேண்டாம். ஐந்தாம் ஆளாக வந்தாலும் அவனை நம்பித்தான் அவன் குழு எல்லைக் கோட்டருகே காத்திருக்கிறது.