ஸ்மார்ட்வாட்ச் '10 நாள் சார்ஜ்' உண்மையா? வேலூர், ஆம்பூர் பக்கம் வாங்குறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

சாதாரண வாட்சுக்கு ஒரு தடவை செல் மாத்தினா ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று பழகியவர்கள் நாம். ஸ்மார்ட்வாட்ச் வந்த பிறகு, ராத்திரி போனுக்குப் பக்கத்தில் அதையும் சார்ஜில் போட வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடைக்குப் போனதும் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "சார்ஜ் எத்தனை நாள் நிக்கும்?" பெட்டியில் 7 நாள், 10 நாள், 15 நாள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கையில் கட்டினால் மூணாவது நாளே பேட்டரி சிவப்பு காட்டும். அப்படியானால் பெட்டியில் இருப்பது பொய்யா? பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டது உங்கள் கையை வைத்து இல்லை.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் பகுதியில் இது கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டிய விஷயம். (2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், வெயில் மட்டும் இன்னும் ஒரே மாவட்டம்தான்.) சம்பளத்தில் ரெண்டாயிரம், மூவாயிரம் ஒதுக்கி வாங்கும் பொருள் இது. பட்ஜெட் வாட்ச்களில் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்வது பெரும்பாலும் நடக்காத காரியம். பேட்டரி போனால் வாட்சே போன மாதிரி.

ஒரே வாட்ச், நாலு கணக்கு

பெட்டிக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2020-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அமேஸ்ஃபிட் பிப் எஸ் நல்ல உதாரணம். அதன் பேட்டரி 200 எம்ஏஹெச். சாதாரண போனில் இருக்கும் 5,000 எம்ஏஹெச்சில் 25-ல் ஒரு பங்கு. இந்தக் குட்டி பேட்டரிக்கு கம்பெனியே நாலு கணக்கு சொன்னது: சும்மா காத்திருப்பில் 90 நாள், அடிப்படைப் பயன்பாட்டில் 40 நாள், வழக்கமான பயன்பாட்டில் 15 நாள், ஜிபிஎஸ் தொடர்ந்து ஓடினால் 22 மணி நேரம்.

நாலும் ஒரே வாட்சுக்குத்தான். காத்திருப்போடு ஒப்பிட்டால் ஜிபிஎஸ் ஓடும்போது பேட்டரி கிட்டத்தட்ட 100 மடங்கு வேகமாக இறங்குகிறது. விளம்பரத்தில் எந்த எண்ணைப் பெரிசாகப் போடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது 'வழக்கமான பயன்பாடு' என்ற வரி. அதிலும், அந்த வழக்கம் என்னவென்று கீழே பொடி எழுத்தில் இருக்கும்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையைத் தூக்கிப் பார்ப்பது, எத்தனை மெசேஜ், எத்தனை நிமிடம் நடை. அதைப் படிக்காமல் நாளை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

சார்ஜைக் குடிப்பது எது?

முதலில் பார்க்க வேண்டியது உள்ளே ஓடும் சாஃப்ட்வேர். ஆப்பிள் வாட்ச், சாம்சங் கேலக்ஸி வாட்ச் மாதிரியானவை கையில் கட்டிய சின்ன போன்தான். ஆப்ஸ் போடலாம், மேப் பார்க்கலாம், ஆனால் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. 2015-ல் வந்த முதல் ஆப்பிள் வாட்சில் இருந்து 2024-ன் சீரிஸ் 10 வரை கம்பெனி சொன்னது அதே 18 மணி நேரம்தான். பட்ஜெட் வாட்ச்களிலும் ஃபிட்னஸ் வாட்ச்களிலும் இருப்பது இதைவிட எளிய சாஃப்ட்வேர். நேரம், நடை, இதயத் துடிப்பு, நோட்டிஃபிகேஷன், அவ்வளவுதான். அதனால்தான் அதில் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது. ரெண்டையும் கலந்தும் செய்கிறார்கள். 2024-ல் வந்த ஒன்பிளஸ் வாட்ச் 2, கனமான வேலைக்கு ஒரு சிப், லேசான வேலைக்கு இன்னொரு சிப் என்று பிரித்து, 500 எம்ஏஹெச்சில் 100 மணி நேரம் என்று சொன்னது.

அடுத்தது திரை. அமோலெட் திரை பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் 'எப்போதும் ஆன்' வசதியைப் போட்டுவிட்டால் நாள் கணக்கு பாதியாகக்கூட இறங்கலாம். பிப் எஸ், கார்மினின் சில மாடல்கள் போன்றவற்றில் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் திரை இருக்கிறது. கலர் மங்கல்தான், ஆனால் நடு வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும், சார்ஜும் குறைவாகத்தான் எடுக்கும். வெளியில் அலைகிற வேலை என்றால் இதுவே சரி என்பேன்.

ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கையைத் தூக்கினால் திரை எரியும் வசதி, கை நாள் முழுக்க அசைந்துகொண்டே இருப்பவருக்கு எத்தனை தடவை வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் பல தடவை நீங்கள் வாட்சைப் பார்க்கக்கூட மாட்டீர்கள். நடக்காத நடையும் கணக்கில் ஏறும். செட்டிங்ஸில் அதை அணைத்துவிட்டு, பட்டனை அழுத்தினால் மட்டும் திரை எரிகிற மாதிரி வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

புளூடூத் காலிங் இருக்கும் வாட்ச்களில் 'காலிங் இல்லாமல்', 'காலிங்குடன்' என்று ரெண்டு கணக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு வாரம் என்பது ரெண்டு நாளாகச் சுருங்குவது சகஜம். இன்னொன்று, போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போகிறவருக்கு இந்த வசதியே வீண். புளூடூத் சுமார் 10 மீட்டருக்குத்தான் தாங்கும், நடுவில் சுவர் வந்தால் இன்னும் குறையும். ரத்த ஆக்சிஜன், மன அழுத்தம் ஆகியவற்றை இடைவிடாமல் அளக்கும் வசதியும் சார்ஜைச் சாப்பிடும். தேவையானபோது மட்டும் அளந்தால் போதும்.

வெயில் சதம் அடிக்கும் ஊரில்

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதுசு இல்லை. ஆப்பிள் தன் வாட்சைப் பயன்படுத்தச் சொல்லும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. அதாவது நம்ம ஊர் மே மாத மதியம் அந்த எல்லைக்கு வெளியே. அதற்காக உடனே வெடித்துவிடாது. ஆனால் லித்தியம் அயன் பேட்டரிக்கு வெப்பத்தில் வயசு சீக்கிரம் ஏறும். முழுசாகச் சார்ஜ் ஏறிய நிலையில் சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். பேட்டரி யுனிவர்சிட்டி தளம் தரும் அட்டவணைப்படி, முழு சார்ஜுடன் 40 டிகிரியில் ஓராண்டு கிடந்த பேட்டரியில் கொள்ளளவு சுமார் 65 சதவீதம்தான் மிஞ்சும். 40 சதவீத சார்ஜில் அதே வெப்பத்தில் இருந்தால் சுமார் 85 சதவீதம் மிஞ்சும்.

எனவே வெயிலில் நிற்கும் பைக்கின் டேங்க் கவரில் வாட்சை வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மதியம் சார்ஜ் போடுவதைவிட ராத்திரியோ விடிகாலையோ போடுவது நல்லது. 80, 85 சதவீதத்தில் எடுத்துவிடலாம். இந்த வகையில் 10 நாள் நிற்கும் வாட்ச் உண்மையிலேயே லாபம், ஏனென்றால் சார்ஜ் போடும் தடவை குறையும்.

தண்ணீரும் ஸ்ட்ராப்பும்

ஐபி68, 5 ஏடிஎம் என்றெல்லாம் போட்டிருப்பது நல்ல தண்ணீருக்கான சோதனை. டேனரியில் சுண்ணாம்பு, சல்ஃபைடு கலந்த தண்ணீருக்கு அந்த எண் உத்தரவாதம் இல்லை. சுற்றும் டிரம், மிஷின் பக்கத்தில் வாட்ச் கட்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது ஒரு மாதிரிதான், ஆனால் நாள் முழுக்க, தூங்கும்போதும் கட்டியிருக்கும் வாட்சுக்குத் தோல் ஸ்ட்ராப் ஒத்துவராது. வியர்வையில் ஊறி நாறும். சிலருக்குக் குரோம் கலந்து பதனிட்ட தோல் பட்டால் அலர்ஜி வரும். சருமத்தில் படும் தோல் பொருட்களில் ஆறு இணைதிற குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் 2015 மே மாதம் முதல் விதி வைத்திருப்பதும் இதனால்தான். ஏற்றுமதி ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சோதனை பழகிய விஷயம். நடைபாதைக் கடையில் வாங்கும் ஸ்ட்ராப்பை யாரும் அப்படிச் சோதித்திருக்க மாட்டார்கள். வேலைக்கு சிலிகான் அல்லது நைலான், கல்யாணத்துக்குத் தோல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடையில் என்ன கேட்பது?

வாரண்டி கார்டில் பேட்டரிக்கு எத்தனை மாதம் என்று தனியாகப் பாருங்கள், வாட்சுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று இருக்கலாம். சார்ஜர் கேபிள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பல பிராண்டுகளில் காந்தத்தில் ஒட்டும் கேபிள் அந்த மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும், தொலைந்தால் திண்டாட்டம். சர்வீஸ் சென்டர் வேலூரிலா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்கு வேண்டிய வசதிகளை மட்டும் ஆன் செய்து, முழுசாகச் சார்ஜ் ஏற்றி திங்கள்கிழமை காலையில் கட்டுங்கள். வேலைக்கும் அப்படியே போங்கள். முதல் நாள் புது வாட்சை நோண்டிக்கொண்டே இருப்போம் என்பதால் அதைக் கணக்கில் எடுக்காமல், செவ்வாய் காலை எத்தனை சதவீதம், வியாழன் காலை எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ரெண்டு நாளில் 30 சதவீதம் இறங்கினால் உங்கள் கைக்கு ஆறரை நாள். 60 இறங்கினால் மூணு நாள்தான், பெட்டியில் 10 என்று இருந்தாலும்.