இலையைப் பார்த்து ஊசி

1979இல் கும்பகோணத்தில், எங்கள் சமையலறை ஜன்னலில் எப்போதும் ஒரு டெஸ்ட் ட்யூப் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருக்கும். எனக்கு எட்டு வயது. டைப் ஒன் சர்க்கரை நோய் வந்து மூன்று மாதம். காலையில் அம்மா அதில் 5 மில்லி பெனடிக்ட் கரைசலை ஊற்றி, என் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, அடுப்பில் காட்டுவாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்று முழுக்க அம்மா முகம் சரியிருக்காது. அந்த நிறம் சொன்னது சில மணி நேரம் பழைய கதை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

நிறம் எதுவானாலும் ஊசி அதே அளவுதான். ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்கு மூன்று இட்லி, பத்தரைக்கு இரண்டு பிஸ்கட், ஒரு மணிக்கு அளந்த சோறு. உள்ளே போன இன்சுலினுக்கு நேரத்துக்குத் தீனி போட்டாக வேண்டும். சித்தப்பா கல்யாணத்தில் பந்தி ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தூணோரம் சரிந்துவிட்டேன். அத்தைதான் வெல்லத்தைக் குழைத்து வாயில் தடவினாள். பெண் பிள்ளைக்கு வியாதி என்று வெளியே சொல்ல முடியுமா? "இது பசி தாங்காத பொண்ணு" என்று சொல்லிச் சமாளித்தாள். அதுவே பெயராகிவிட்டது.

1922 ஜனவரியில் டொரான்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இருந்த வைத்தியம் பட்டினிதான். அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் ஆலன் வகுத்த அந்த முறையில் குழந்தைகள் எலும்பும் தோலுமாகி, சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார்கள். மருந்து வந்தும் சாப்பாட்டின் மேலிருந்த பயம் மருத்துவர்களை விடவில்லை. லண்டனில் ராபின் லாரன்ஸ் தானே சர்க்கரை நோயாளி. 1923இல் இன்சுலின் கிடைத்துப் பிழைத்தவர். அவர் மாவுச்சத்தைப் பத்துப் பத்து கிராமாகப் பிரித்து 'கறுப்புப் பங்கு' என்றார். கணக்கு அப்போதே வந்தாயிற்று. ஆனால் அது ஊசிக்குத் தக்கபடி சோற்றை அளக்கிற கணக்கு.

அதைத் திருப்பிப் போட்டவர் கார்ல் ஸ்டோல்ட்டே. ப்ரெஸ்லாவில், அதாவது இன்றைய போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில், குழந்தை மருத்துவர். பிள்ளை வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடட்டும், வேளைக்கு வேளை சிறுநீரைப் பார்த்து அதற்குத் தக்க ஊசி போடுவோம் என்று 1930 வாக்கிலேயே சொன்னார். அம்மாவிடம் இருந்ததைவிடப் பெரிய கருவி எதுவும் அவரிடம் இல்லை! மற்ற மருத்துவர்கள் அவரைக் காய்ச்சி எடுத்தார்கள். 1936இல் டென்மார்க்கின் ஹாகெடோர்ன் புரோட்டமின் சேர்த்து, மெதுவாக வேலை செய்யும் இன்சுலினைக் கொண்டுவந்தார். நாளுக்கு ஒரு குத்து போதும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அந்த ஒரு குத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என் பத்தரை மணி பிஸ்கட்.

ஸ்டோல்ட்டேயின் யோசனை 1970களின் கடைசியில் டூசல்டோர்ஃபில் மைக்கேல் பெர்கர் குழுவினரிடம் மறுபடி உயிர் பெற்றது. ஐந்து நாள் பயிற்சி. 12 கிராம் மாவுச்சத்து ஒரு 'ரொட்டி அலகு'. நான் கும்பகோணத்தில் செங்கல் நிறத்தைப் பார்த்து அழுத அதே வருஷங்கள். பிரிட்டன் இதைச் சோதித்து முடிவு வெளியிட 2002 ஆயிற்று.

எனக்குக் குளுக்கோமீட்டரும் வேக இன்சுலினும் வந்து சேரும்போது முப்பது தாண்டிவிட்டது. கையில் கிடைத்த மாவுச்சத்துப் பட்டியலில் ரொட்டித் துண்டு, உருளைக்கிழங்கு, ஆப்பிள். ஒரு தராசு வாங்கினேன். வடித்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 28. அம்மாவின் எவர்சில்வர் கரண்டியில் தலைதட்டி எடுத்தால் 70 கிராம் சோறு, 20 கிராம் மாவுச்சத்து, எனக்கு 2 யூனிட். (பத்துக்கு ஒன்று என்பது என் உடம்பின் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும்.) ரசத்துக்குப் பூஜ்யம். பாயசம்தான் ஏமாற்றும்.

போன ஆவணியில் அண்ணன் மகள் கல்யாணம். பந்தி இந்த முறையும் தாமதம். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு விழுந்ததும் கண்ணாலேயே கரண்டிக் கணக்கு போட்டேன். இரண்டரை. பாயசத்துக்கு 30 கிராம். இன்சுலின் பேனாவை 8க்குத் திருப்பிப் புடவை மறைவில் குத்திக்கொண்டேன். பக்கத்து இலையில் அத்தை, எண்பத்தைந்து வயது, ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இன்னும் பசி தாங்கலையாடி உனக்கு?"