பலகை நிற்கிறது, இரயில் இல்லை

எங்கள் பிரிஞ்சாங்கில் இரயில் கிடையாது. தேயிலை மலையை விட்டு இறங்கி, தாப்பாவையும் தாண்டி, தாப்பா ரோடு நிலையத்துக்குப் போனால்தான் தண்டவாளத்தைப் பார்க்கலாம். அதனாலோ என்னவோ, கருத்தரங்கில் இரயில் பற்றிப் பேச்சு வந்ததும் எனக்கு ஆர்வம் கூடிவிட்டது. நான் எடுத்துக்கொண்டது மூடப்பட்ட ஒரு நிலையம்: தைப்பிங் அருகே இருந்த போர்ட் வெல்ட்.

மலாயாவின் முதல் இரயில் பாதை இங்கேதான் முடிந்தது. 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி திறந்தார்கள். தைப்பிங்கிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர், அவ்வளவுதான்! கோலாலம்பூர், கிள்ளான் பாதைகூட அடுத்த ஆண்டுதான் வந்தது. லாருட் லம்பங்களில் எடுத்த ஈயத்தை விரைவாகத் துறைமுகம் சேர்ப்பதே நோக்கம். துறைமுகத்துக்கு ஆளுநர் பிரெட்ரிக் வெல்டின் பெயரைச் சூட்டினார்கள்.

பெயர் அவருடையது. உழைப்பு? பாதை போட சிலோனிலிருந்து பயனியர் படையினரை வரவழைத்தார்கள். பின்னர் மலாயா முழுவதும் இரயில் பாதை நீண்டபோது, கட்டை மாற்றி, கல் கொட்டிப் பராமரித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வெல்டின் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. கட்டை சுமந்தவர் ஒருவரின் பெயரையாவது நான் எங்கும் படித்ததில்லை.

இந்த நிலையத்தைச் சரித்ததும் இன்னொரு இரயில் பாதைதான். 1903க்குள் கோலாலம்பூரிலிருந்து தைப்பிங் வழியாகப் பிறை வரை பாதை இணைந்தது. ஈயம் நேராகப் பினாங்குக்கு எதிரே போய் இறங்கும்போது, சதுப்புக்காட்டுச் சிறு துறைமுகம் எதற்கு? மீனவர்களும் சுற்றுவட்டாரத்து மக்களும் ஏறி இறங்கும் கிளைப்பாதையாகச் சுருங்கி, ஒரு நாள் அதுவும் நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். ஊரின் பெயரே இன்று கோல செபெத்தாங்.

மிஞ்சியது டிக்கெட் கூண்டும் பெயர்ப் பலகையும். பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகள். படம் பிடிக்கப் போனபோது எங்கள் குழுவில் இருந்த இளைஞர் கேட்டார்: "அக்கா, இங்க எதுக்குத் தமிழ்ல எழுதியிருக்காங்க?" அலங்காரம் என்று நினைத்துவிட்டார். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பயணி, இறங்க வேண்டிய இடம் தெரியாமல் தவிக்கக்கூடாது என்று எழுதியது தம்பி அது, என்றேன்.

இன்றைய புதிய நிலையங்களில் தமிழ் எழுத்தைக் காண்பது அரிது. உங்கள் வீட்டில் இரயில்வேயில் வேலை செய்த தாத்தா இருந்தால், எந்த நிலையம், எந்த ஆண்டு, என்ன வேலை என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.