நெறி கட்டிய கழுத்து

பெரியப்பாவின் வீடு முத்தாபுதுப்பேட்டையில், ஆவடி விமானப்படை நிலையத்துக்குப் பக்கம். ஷேவ் பண்ணும்போதுதான் முதலில் கையில் தட்டுப்பட்டதாம். தாடைக்குக் கீழே வலியே இல்லாத, ரப்பர் மாதிரி ஒரு கட்டி. “நெறி கட்டியிருக்கு, தானா வத்திடும்” என்று பெரியம்மா மஞ்சள் பற்று போட்டார். வற்றவில்லை. முதலில் பார்த்த டாக்டர் டிபியாக இருக்கலாம் என்றார். ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் தெளிவாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் நெறியை முழுசாக வெட்டியெடுத்துப் பார்த்தபோது பெயர் கிடைத்தது: ஃபாலிகுலர் லிம்போமா. மெதுவாக வளரும் பி செல் புற்றுநோய்.

பெயரைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். “இப்போதைக்கு மருந்து வேணாம், மூணு மாசம் கழிச்சு வாங்க” என்று அனுப்பினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. “ஏன்டா, கேன்சர்ங்கறாங்க, மருந்தும் குடுக்க மாட்டேங்கறாங்க. இது நோயா, நோயில்லையா?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, மருத்துவர்களே இந்தக் கேள்வியோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

1832இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின், நெறிகளும் மண்ணீரலும் வீங்கி இறந்த சிலரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மைக்ராஸ்கோப் இல்லை, வெறும் கண்ணால் பார்த்து எழுதியது. 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்தார். 1898இல் ஸ்டெர்ன்பெர்க்கும் 1902இல் டாரத்தி ரீடும் அந்த நோய்க்கே உரிய ராட்சச செல்லைத் துல்லியமாக விவரித்தார்கள். அந்தச் செல் இல்லாத லிம்போமாக்கள் எல்லாம் பிற்பாடு ‘ஹாட்ஜ்கின் அல்லாதவை’ என்ற ஒரே மூட்டைக்குள் போயின. எது இல்லை என்று சொல்கிற பெயர், எது இருக்கிறது என்று சொல்லாத பெயர். பெரியப்பாவின் நோய் அந்த மூட்டைக்குள்தான் இருந்தது.

1925இல் நியூயார்க்கில் நேதன் பிரில்லும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சில நோயாளிகளின் நெறிக்குள் செல்கள் உருண்டை உருண்டையாகக் கூடியிருந்தன. இதை அவர்கள் புற்றுநோயாக எண்ணவில்லை, வெறும் மிகைவளர்ச்சி என்றே எழுதினார்கள். 1927இல் டக்ளஸ் சிம்மர்ஸ் இதே மாதிரி நோயாளிகளைப் பற்றி எழுத, நோய்க்கு இரண்டு பேர் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. கட்டியோடேயே வருடக்கணக்கில் நடமாடுகிறவரைப் புற்றுநோயாளி என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவர்களில் சிலருக்குத் திடீரென்று நோய் வேகம் பிடித்தது. அப்படியானால் சாதுவான கட்டி என்றும் சொல்ல முடியாதே! 1956இல் ஹென்றி ராப்பபோர்ட்டும் உடனிருந்தவர்களும் 253 நோயாளிகளை ஆராய்ந்து இதன் இடத்தை மறுபடி நிர்ணயித்தார்கள். செல் எப்படியிருக்கிறது என்பதோடு, செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதும் முக்கியம் என்ற பார்வை அங்கிருந்து வலுத்தது.

‘பி செல்’லில் இருக்கும் ‘பி’ கோழியிடமிருந்து வந்தது. கோழியின் பின்பகுதியில் ‘பர்சா’ என்றொரு சிறு பை உண்டு. அதை வெட்டியெடுத்த கோழிகளுக்கு ஆன்டிபாடி சரியாகச் சுரப்பதில்லை என்று புரூஸ் கிளிக் கண்டார். கோழி வளர்ப்பு அறிவியலுக்கான ஒரு பத்திரிகையில் 1956இல் வந்த அந்தக் கட்டுரையை மருத்துவ உலகம் பெரிதாகச் சட்டைசெய்யவில்லை. 1965இல் மேக்ஸ் கூப்பர் அதைப் பிடித்துக்கொண்டு, நோய் எதிர்ப்பு அணுக்களில் இரண்டு வம்சங்கள் உண்டு என்று நிறுவினார். ஒன்று தைமஸில் வளரும் டி, இன்னொன்று பர்சா வழி வந்த பி. நமக்குப் பர்சா கிடையாது, பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. இதற்குப் பிறகு வகைப்படுத்தலில் பெரிய குழாயடிச் சண்டையே நடந்தது. ஜெர்மனியின் கீல் முறை 1974இல், அமெரிக்கர்கள் முன்னெடுத்த சமரச முறை 1982இல். 1994இல் ஒரு சர்வதேசக் குழு ஒரு பட்டியல் போட, 2001இல் உலக சுகாதார நிறுவனம் அதன் அடியொற்றிப் பொதுப்பட்டியல் கொண்டுவந்தது.

மெதுவாக வளர்பவையிலேயே பல வகை இருப்பது அதில் தெளிவாகிறது. அதிகம் காண்பது ஃபாலிகுலர். இரைப்பை, மண்ணீரல், நெறி என்று வெவ்வேறு இடங்களில் தங்கும் மார்ஜினல் ஸோன் வகை இன்னொன்று. இரைப்பையில் வருவது பல சமயம் ஒரு பாக்டீரியாவின் தூண்டுதலால் வருகிறது, ஆன்டிபயாடிக்கிலேயே கரைந்துவிடுவதும் உண்டு. ரத்தத்தில் ஒரு புரதத்தை மிதமிஞ்சிச் சுரந்து ரத்தத்தையே கெட்டியாக்கக்கூடிய நோயை 1944இல் ஸ்வீடனின் வால்டன்ஸ்ட்ராம் விவரித்தார். எல்லாம் ‘மெதுவானவை’தான், ஆனால் ஒன்றுக்குரிய வைத்தியம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

ஏன் மெதுவாக வளர்கிறது? 1980களில் ஃபாலிகுலர் வகைக்கு விடை கிடைத்தது. பெரும்பாலான நோயாளிகளிடம் 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. அதனால் பிசிஎல்-2 என்ற மரபணு ஓயாமல் வேலை செய்கிறது. அந்த மரபணு செல்லை வேகமாகப் பெருக வைப்பதில்லை, சாகவிடாமல் தடுக்கிறது என்று 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் காட்டினார். சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் தங்கிவிட்ட செல்களின் கூட்டம்தான் அந்தக் கட்டி.

நம்மூருக்கு வருவோம். கழுத்தில் நெறி வரிசையாக வீங்குவதற்குத் தமிழில் ‘கண்டமாலை’ என்று பழைய பெயர் உண்டு, பெரும்பாலும் அது காசநோய்தான். காசநோயாளியை வீட்டில் வைத்தே மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்ததும், 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1954இல், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. இந்த இரண்டு நோய்களும் இந்த ஊரில் கழுத்தின் அதே இடத்தில் வந்து நிற்கின்றன. கையால் தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியாது. டிபி என்ற ஊகத்தை மட்டும் வைத்து மாத்திரை ஆரம்பித்தால், லிம்போமாக்காரருக்கு மாதங்கள் வீணாகும்.

நெறியை ஏன் முழுசாக எடுக்கிறார்கள் என்பதும் இங்கேதான் புரிகிறது. ஊசியில் செல்கள் வரும், அவற்றின் அடுக்கு வராது. செங்கல்லைப் பார்த்து வீட்டின் வரைபடத்தைச் சொல்ல முடியாத மாதிரி. முழு நெறியைச் சீவி, சாயமேற்றி, சிடி20, சிடி10, பிசிஎல்-2 போன்ற புரதங்களைத் தேடுகிறார்கள். தொற்றால் வீங்கிய நெறியிலும் உருண்டைகள் இருக்கும், ஆனால் அவற்றின் நடுவே பிசிஎல்-2 இருக்காது. 1925இல் பிரில்லைக் குழப்பிய இடத்தை இன்று பெரும்பாலும் ஒரு சாயம் தீர்த்துவைக்கிறது.

பெரியப்பாவின் கேள்விக்கு நேரான பதில் 1984இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. ஹார்னிங்கும் ரோசன்பெர்க்கும், ஆரம்பத்தில் வைத்தியமே கொடுக்காமல் கவனித்து வந்த 83 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பலருக்கு வருடக்கணக்கில் வைத்தியம் தேவைப்படவில்லை. கால்வாசிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கட்டி தானாகவே சுருங்கியும் இருந்தது. தொந்தரவு தராத நோய்க்கு முன்கூட்டியே கீமோ கொடுத்தால் ஆயுள் கூடுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. 1997இல் சிடி20ஐக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் வந்தபின் வைத்தியமும் மேம்பட்டது. தேவைப்படும் நாளில் அது இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போய் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்போ நோய்தான். காவல் போட்டு வச்சிருக்காங்கன்னு சொல்லு.”

“ஆமா பெரியப்பா. ஆனா காவல்காரர் நீங்களும்தான். காரணமில்லாம காய்ச்சல், ராத்திரி சட்டை நனையற மாதிரி வேர்வை, எடை குறையறது, கட்டி திடீர்னு பெருசாகறது, இதுல எது வந்தாலும் மூணு மாசம் காத்திருக்கக் கூடாது.”

அவர் உள்ளே போய் தினசரி காலண்டரை எடுத்து வந்தார். அடுத்த செக்கப் தேதியில் பேனாவால் வட்டம் போட்டார். அதற்குக் கீழே, இன்றைய எடை: 64 கிலோ.