பால்மரமும் பாய்மச் சமன்பாடும்

1896ஆம் ஆண்டில் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் புக்கிட் ஆசகானிலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்தோர் நிரைதோறும் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சுமந்தனர். அவர்தம் துயரைப் பலரும் எழுதியுள்ளனர். அவர்கள் கையாண்ட பாலைப் பற்றியது இவ்வுரை.

ஒரு நீர்மத்தின் அடுக்குகளுக்கிடையே எழும் தடை, அவற்றின் வேக வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் அமையும் என 1687இல் நியூட்டன் கருதினார். நேவியரும் ஸ்டோக்சும் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த பாய்மச் சமன்பாடுகள் இக்கருத்தின்மேல் நிற்பவை. நீர் இதற்கு அடங்கும். பாகுத்தன்மை மிகுந்த விளக்கெண்ணெயும் அடங்கும். (கெட்டியான நீர்மமெல்லாம் நியூட்டன் விதியை மீறும் என மாணவர் எண்ணுவதுண்டு, அது பிழை.) மரத்துப்பாலோ நீரில் மிதக்கும் நுண்ணிய இரப்பர்த் துகள்களின் கூட்டம். அதனைச் சுழற்றிப் பிரித்து, நூற்றுக்கு 60 பங்கு இரப்பர் உள்ளதாகச் செறிவாக்கினால், மெல்லக் கலக்கும்போது தடித்தும் விரைந்து கலக்கும்போது இளகியும் நடக்கிறது. கையுறை செய்யும் அச்சைப் பாலில் தோய்த்து எடுத்தபின் படலம் வழியாது நிற்பதற்கு இவ்வியல்பும் துணைபுரிகிறது.

1920களில் டி வேல், ஓஸ்ட்வால்ட் ஆகியோர் இத்தகைய நீர்மங்களுக்கு அடுக்குவிதி ஒன்றைத் தந்தனர். தடை, வேக வேறுபாட்டின் n-ஆம் அடுக்கிற்கு ஏற்ப அமையும். n ஒன்றாயின் நியூட்டன் பாய்மம், ஒன்றிற்குக் குறைந்தால் செறிவுப்பாலைப் போல இளகுவது, மிகுந்தால் இறுகுவது.

சமன்பாட்டை எழுதிவிடுவது எளிது. அதற்குத் தீர்வு உண்டா, உண்டெனில் ஒன்றுதானா என்பதே கணிதரின் கவலை. தீர்வு பலவாயின், ஒரே தொடக்கத்திலிருந்து எப்பாய்வு நிகழும் எனச் சமன்பாடு சொல்லமாட்டாது. 1960களில் லெனின்கிராட்டைச் சேர்ந்த ஓல்கா லாதிஷென்ஸ்கயா, வேக வேறுபாடு மிக மிகப் பாகுத்தன்மையும் போதிய அளவு மிகும் எனக் கொண்டால், முப்பரிமாணத்திலும் தீர்வு ஒன்றே என நிறுவினார். சீறிப்பாயும் இடத்தில் நீர்மம் தானே இறுகித் தன்னை அடக்கிக்கொள்வதால் அது இயன்றது. நியூட்டன் பாய்மத்திற்கே அத்தகைய உறுதி இன்றுவரை கிட்டவில்லை.

நம் பால் எதிர்ப்புறத்தில் நிற்கிறது. விரைய விரைய அதன் தடை தளர்வதால் அந்த நிறுவல் இங்குச் செல்லாது. கும்பகோணத்தைத் தம் பெயரில் தாங்கிய கே. ஆர். இராஜகோபால், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று டெக்சாசில் பேராசிரியராய் விளங்கியவர். நெச்சாஸ், மாலெக் என்னும் செக் நாட்டு அறிஞர்களுடன் நியூட்டன் விதிக்கு அடங்காப் பாய்மங்களின் கணிதத்தை வளர்த்தார். 2010இல் டீனிங், ரூசிச்கா, வோல்ஃப் ஆகிய மூவர், வேகம் வரம்பின்றிச் செங்குத்தாக மாறும் இடங்களை மட்டும் நுணுக்கமாகச் செதுக்கி, n ஐந்தில் ஒன்றிற்கு மிகுந்தால் முப்பரிமாணத்திலும் வலுக்குறைந்த பொருளில் தீர்வு உண்டு எனக் காட்டினர். அத்தீர்வு ஒன்றே என்னும் பொதுவான உறுதி இளகும் பாய்மங்களுக்கு இன்னும் கைவரவில்லை.