ஒரே வாசல், பல கதவு எண்

சென்னையில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு ரெண்டு நம்பர் இருக்கும், பார்த்திருப்பீங்க. சர்வரிலும் அதே கதைதான்: ஒரே நெட்வொர்க் கார்டுக்குப் பல ஐ.பி.

ஏன் இந்தக் கூத்து? 1996-ல் ஆவணமான ஹெச்.டி.டி.பி. 1.0-ல், எந்தத் தளம் வேண்டும் என்று பிரவுசர் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே தளத்துக்கு ஒரு ஐ.பி. 1997-ல் வந்த 1.1 'ஹோஸ்ட்' வரியைக் கட்டாயமாக்கியது. எஸ்.எஸ்.எல். தளங்களுக்கு அப்பவும் விடிவில்லை. தளத்தின் பெயர் தெரியும் முன்பே சர்வர் சான்றிதழை நீட்டியாகணும். 2003-ல் எஸ்.என்.ஐ. வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி-யின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கோ அது கடைசிவரை புரியவே இல்லை :-) 2011-ல் ஐயானாவிடம் இருந்த ஐ.பி.வி.4 கையிருப்பு தீர்ந்தபோதுதான் பலருக்கும் சுருக்கென்றது.

புனேயில் ஒரு ராத்திரி. லினக்ஸ் சர்வரில் இனி வேண்டாம் என்று முதல் ஐ.பி.யை அழித்தேன். அதே சப்நெட்டில் துணையாகச் சேர்த்திருந்த மற்றதெல்லாம் கூடவே போயின! வேறு அமைப்பு செய்யாவிட்டால் லினக்ஸ் அப்படித்தான் செய்யும். எனக்குத் தெரியாது. பன்னிரண்டு தளங்கள் இருட்டு, என் இணைப்பும் துண்டிப்பு. கொட்டும் மழையில் டேட்டா சென்டருக்கு ஆட்டோவில் ஓடும்போது ஊரிலிருந்து அம்மா போன்: "சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சும்மா" என்றேன்.